நம்பர் அக்காவும் நம்பர் இல்லாத பெட்டியும்

மெக்கானிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், கையைத் துடைப்பார். அழுக்கெல்லாம் போன பிறகும் பழந்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்று காலை பட்டறைக்குள் அவர் அப்படி நின்றதைப் பார்த்ததுமே அவர் மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே வீட்டுக்குள் திரும்பிவிட்டாள்.

கோபத்துக்குக் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம். அதன் உள்பக்கம் முழுக்கப் பற்கள். புதுசு, எண்ணெய்ப் பளபளப்போடு வந்திருந்தது. தண்டில் செருகினால் பாதி தூரம் போகும், அப்புறம் அடம்பிடிக்கும் மாடு மாதிரி நின்றுவிடும். தட்டிப் பார்த்தார், அரம் போட்டுப் பார்த்தார், சூடு காட்டிப் பார்த்தார். அசைவேனா என்றது.

விஷயம் தொடங்கியது தேன்காரம்மாவின் பழைய பிக்கப்பில். அந்த அம்மாவும் அவர் கணவரும் தேனீ வளர்க்கிறவர்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கே பூக்கிறதோ அங்கே போவார்கள். அந்த வருஷம் பெட்டிகள் மலைமேல் இருந்தன, கணவரும் அங்கேயே கூடாரம் போட்டிருந்தார். இப்போது மேலே பூ முடிந்துவிட்டது. கீழே பழத்தோட்டத்தில் மொட்டு விடத் தொடங்கிவிட்டது. பசித்த தேனீ பெட்டியில் தங்காது, ஒரு நாள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். பெட்டிகளை இறக்கி வரத்தான் தேன்காரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறியிருக்கிறார். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இழுப்பதை நிறுத்திவிட்டன.

"அப்புறம் எப்படி இறங்குனீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ரிவர்ஸ்லதான்."

"ரிவர்ஸ்லயா? அந்தப் பாதையிலயா?"

"வண்டியைத் திருப்ப அங்க இடம் ஏது? கழுத்துதான் போன எடத்துலயே நிக்குது, இன்னும் இந்தப் பக்கம் திரும்பல" என்று தேன்காரம்மா பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்கு அந்தப் பாதை தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு இடையே புகுந்து போகவேண்டும். இப்போது வருகிற அகலமான வண்டிகள் கண்ணாடியை மடக்கிக்கொண்டாலும் அதில் தோள் இடித்து நின்றுவிடும். இந்த மாதிரிப் பழைய ஒல்லி வண்டியால்தான் முடியும். அதில் ஒருத்தர் பின்னோக்கியே இறங்கி வந்திருக்கிறார் என்றால்! அவர் தேன்காரம்மாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மற்றவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் இந்த வண்டிகளில் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. எஞ்சினின் இழுவையைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் கொடுப்பதா, நாலுக்கும் கொடுப்பதா என்று பிரிப்பது அதன் வேலை. உள்ளே ஒரு பல் வளையம், ஸ்லீவ் என்பார்கள், நகர்ந்து போய்க் கடித்தால் முன்சக்கரம் இழுக்கும். மெக்கானிக் பெட்டியைப் பிரித்தார். ஸ்லீவின் பற்கள் சப்பிப்போட்ட மிட்டாய்போல் மழுங்கியிருந்தன. அதைப் பிடித்து நகர்த்தும் ஃபோர்க்கின் இரண்டு விரல்களில் ஒன்று ஒடிந்து எண்ணெயில் கிடந்தது.

அவர் தங்கைக்கு போன் போட்டார்.

தங்கைக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான். ஊருக்கு நம்பர் அக்கா. பழைய பிக்கப்புகளுக்கும் ஜீப்புகளுக்கும் உதிரிபாகம் விற்கும் ஒற்றை அறைக் கடை அவளுடையது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் துருப்பிடித்த துண்டுகளைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்புவார்கள். "இது என்னக்கா?" என்று கேட்டால் பெயர், வண்டி, வருஷம், நம்பர் என்று மடமடவென்று சொல்லுவாள். மெக்கானிக்குக்கு அதில் பெரிய மதிப்பு இருந்ததில்லை. "பாப்பாவுக்கு நம்பர் தெரியும், வண்டி தெரியாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அது அவள் காதுக்கும் போயிருந்தது.

"பழசைப் போட்டோ எடுத்து அனுப்பு அண்ணே, பார்த்துச் சொல்றேன்" என்றாள் அவள்.

"போட்டோ எதுக்கு? கல்யாணத்துக்கா பொண்ணு பாக்குறோம்? வண்டியோட மாடலைச் சொல்லிட்டேன்ல, அனுப்பு."

"சரி, உன் பாடு."

அப்படி வந்த வளையம்தான் இப்போது பாதியில் நின்றது. மெக்கானிக் துணியை வீசிவிட்டு மறுபடி போன் போட்டார்.

"நீ அனுப்பினது தப்பு."

"நீ கேட்டது தப்பு."

யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது, இரண்டு பக்கமும் போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆனால் தேநீர் ஆறுவதற்குள் பட்டறை வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தங்கை எப்போது வந்தாலும் சமையலறை வாசல் வழியாக வந்து, அண்ணியோடு பேசிவிட்டு, அதே வழியாகப் போய்விடுகிறவள். அன்றுதான் பட்டறை வழியாக வந்தாள். தோளில் ஒரு பை.

"எங்க அந்தப் பெட்டி?" என்றாள்.

"ஸ்லீவ் இந்தா இருக்கு."

"ஸ்லீவை அப்புறம் பாக்கலாம். அது வாடகைக்குக் குடியிருக்கிறது. வீடு யாருதுன்னு மொதல்ல பாப்போம்."

மேசைமேல் கவிழ்ந்து கிடந்த பெட்டியை அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ எப்போதோ இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை ஓட்டியிருந்தார்கள். வழவழவென்று மொட்டையாக இருந்தது.

"அதை நானும் பார்த்தேன். நம்பர் போச்சு. இனி நீ என்ன செய்வே?" அவர் குரலில் கொஞ்சம் குஷிகூட இருந்தது.

அவள் பையிலிருந்து துணி துவைக்கும் சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து, கத்தியால் இரண்டாக நறுக்கி, தண்ணீரில் நனைத்தாள். பழைய வளையத்தில் மழுங்காமல் ஓர் ஓரமாகத் தப்பித்திருந்த பற்களில் ஒரு துண்டை அழுத்தினாள். புது வளையத்தின் பற்களில் மற்றதை. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பற்களின் எண்ணிக்கை ஒன்றுதான், வளையத்தின் அகலமும் ஒன்றுதான், அதை அவர் முன்பே பார்த்திருந்தார். ஆனால் சோப்பில் விழுந்த அச்சு வேறு கதை சொன்னது. புதுசின் அச்சில் பள்ளங்கள் கூம்பிப் போய்க் கூராக முடிந்தன. பழசின் அச்சில் அடிப்பாகம் பரந்து உருண்டிருந்தது. இரும்பில் கண்ணுக்குத் தப்பியது சோப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்படி இருந்தது.

"அட!" என்றார் அவர். அந்த வார்த்தை அவரைக் கேட்காமலே வந்துவிட்டது.

"இது இந்த வண்டியோட பொட்டியே இல்ல அண்ணே. யாரோ வேற எதுலயிருந்தோ கழட்டி மாட்டியிருக்காங்க. மாடல் பிளேட்டு வண்டிக்கு உண்மையைச் சொல்லுது, பொட்டிக்குச் சொல்லல." அவள் பெட்டியின் பக்கவாட்டில் விரலை வைத்தாள். ஆறு போல்ட் போட்ட ஒரு தகட்டு மூடி. "இது எதுக்கு?"

"அது மூடி."

"மூடின்னா உள்ள ஓட்டை இருக்கணும். ஓட்டை எதுக்கு?"

மெக்கானிக் அந்த மூடியை முந்தின நாள்தான் துடைத்திருந்தார். கழற்றவேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அங்கே அவருடைய முறை வந்தது. ஏனென்றால் தேய்மானத்தைப் படிக்க அவரைப்போல் ஆள் கிடையாது.

"இங்க இன்னொரு கியர் ஓடியிருக்கு பாப்பா. இந்த கியரோட பல்லைப் பாரு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது. இங்கிருந்து இழுவையை வெளிய எடுத்திருக்காங்க."

"வின்ச்சா இருக்குமோ? கயிறு இழுக்க?"

"இல்ல. வின்ச் கொஞ்ச நேரம் இழுக்கும், நிக்கும், திரும்பச் சுத்தும். ரெண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கும். இது ஒரே பக்கமா, ஒரே சீரா, மணிக்கணக்கா ஓடியிருக்கு." அவர் நிமிர்ந்தார். "பம்பு. வண்டி நின்ன எடத்துல தண்ணி இறைச்சிருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, மூடி இருந்த இடத்தின் ஓரத்தில் சாம்பல்நிறப் பெயின்டைச் சுரண்டினாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது சிவப்பு.

"தீயணைப்பு வண்டி!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சின்ன வயதில் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவள் அவரைக் கிள்ளுவாள். இப்போதும் கிள்ளினாள்.

பெரிய தீயணைப்பு வண்டிகள் நுழைய முடியாத சந்துகளுக்கென்று ஒரு காலத்தில் சின்ன வண்டிகள் சில செய்தார்கள் என்று அவள் சொன்னாள். ஒரே ஒரு முறை அந்தப் பெட்டியின் படம் அவள் கைக்கு வந்ததாம். ஆனால் பாகம்? அது எந்தக் கடையிலும் கிடையாது. அவள் பட்டறையின் ஸ்டூலில் காலை மடித்து உட்கார்ந்து போனை எடுத்தாள். அப்புறம் நடந்ததை மெக்கானிக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை விதமான ஆட்கள்! ஒருவரிடம் கெஞ்சினாள், ஒருவரை அதட்டினாள், ஒருவரின் மகள் கல்யாணத்தை விசாரித்தாள், "அந்த மூட்டுவலிக்கு டாக்டர்கிட்ட போனீங்களா இல்லையா?" என்று இன்னொருவரிடம் சண்டை போட்டாள். முதலில் வந்த படத்தைப் பார்த்து "இது டிராக்டரோடது" என்றாள். இரண்டாவதைப் பார்த்து "நல்லா இருக்கு, ஆனா நமக்கு இல்ல" என்றாள். நம்பரை மனப்பாடம் செய்கிறவள் என்று தான் நினைத்திருந்த தங்கை, உண்மையில் இரும்பைவிட மனிதர்களை அதிகம் நினைவு வைத்திருக்கிறாள் என்பது மெக்கானிக்குக்குப் புரியத் தொடங்கியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியூர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் பிடிபட்டார். தன் கடைக் கொல்லையில் அப்படி ஒரு பெட்டி கிடப்பதாகவும், அதன்மேல்தான் தண்ணீர் டிரம்மை வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"மூடி இருக்கா? ஆறு போல்ட்டா? ஆணியால சுரண்டிப் பாருங்க... சிவப்பா? பிரிங்க. ஐயையோ, சுத்தியலை எடுக்காதீங்க! மெதுவா. இப்ப வீட்டுல சோப்பு இருக்கா?"

"சோப்பா?" என்ற அவருடைய அலறல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"குளிக்கச் சொல்லல. பல்லுல அழுத்திப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

வந்த படத்தில் இளஞ்சிவப்பு வாசனை சோப்பு ஒன்று இருந்தது. அதில் பதிந்திருந்த பள்ளங்கள் அடியில் பரந்து உருண்டிருந்தன. "இதான்" என்றாள் தங்கை. ஸ்லீவ் பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தது. மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் கழுவித் தண்டில் வைத்தார். தட்டவில்லை, தள்ளக்கூட இல்லை. தானாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவர் அதை வெளியே இழுத்து, மறுபடி விட்டு, மறுபடி இழுத்தார்.

"போதும் அண்ணே, தேஞ்சிடப் போகுது."

ஆனால் ஃபோர்க் கிடைக்கவில்லை. கடைக்காரரின் பெட்டியில் இருந்தது டிரம் ஒழுகிய தண்ணீரில் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கிவிட்டதாம். தங்கை இன்னும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்தாள். "இதுக்குமேல எனக்கு வழி தெரியல" என்றாள்.

"உன் வேலை முடிஞ்சுது. நகரு" என்றார் மெக்கானிக்.

ஒடிந்த விரலையும் மிச்ச ஃபோர்க்கையும் அவர் செங்கற்களுக்கு நடுவே ஒட்டவைத்து நிறுத்தினார். ஒரேயடியாகச் சூடு காட்டவில்லை. தூரத்திலிருந்து தீயை ஆட்டி ஆட்டி, மெதுவாக, இரும்பு மொத்தமும் ஒரே மாதிரி சிவக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் பித்தளைக் கம்பியை வைத்தார். பித்தளை உருகி, எங்கே போகவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் விரிசலுக்குள் ஓடி மறைந்தது. தேய்ந்த விரல் நுனிகளிலும் பித்தளையைக் கட்டினார். அதைச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். ஆறியதும் அரத்தை எடுத்தார். இரண்டு இழுப்பு இழுப்பார், ஸ்லீவின் வெளிப்பக்கப் பள்ளத்தில் நீல மையைத் தடவி ஃபோர்க்கின் விரலை அதில் வைத்துப் பார்ப்பார், மை ஒட்டிய இடத்தை மட்டும் மறுபடி இழுப்பார். அவர் கை அரத்தை அழுத்தவில்லை, அரத்தின் எடைமட்டும்தான் வேலை செய்தது.

வாய் ஓயாத தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் வேலை செய்வதை அவள் இத்தனை வருஷத்தில் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இருக்கீங்களா? சத்தமே இல்லையேன்னு பயந்துட்டேன்."

"அண்ணி, இங்க வாங்க" என்றாள் தங்கை மெல்லிய குரலில். "இதைப் பாருங்க. இதுக்கெல்லாம் ஏது நம்பர்?"

மெக்கானிக் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

மறுநாள் பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் இழுப்பறையிலிருந்து எண் பொறிக்கும் உளிகளை எடுத்தார். கிரைண்டர் மொட்டையடித்த இடத்தில் ஒவ்வோர் எண்ணாக வைத்துச் சுத்தியலால் அடித்தார். தங்கை குனிந்து படித்துவிட்டு, "அண்ணே, இது என் போன் நம்பர்!" என்றாள்.

"அடுத்து இதைப் பிரிக்கிறவன் மாடல் பிளேட்டைப் பார்த்து மோசம் போகவேண்டாம். நேரா உன்னையே கேக்கட்டும்."

வண்டியை ஒப்படைத்ததோடு அவர் விடவில்லை. தன் ஃபோர்க் மலையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தேன்காரம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் அந்த அம்மா சின்ன நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், முன்பக்கம் லேசாகக் குனிந்து மண்ணைப் பிடித்தது. பாறைகள் வந்தன. ஈரச் சரளை வந்தது. வண்டி அவசரப்படாமல், நாலு காலும் பதித்து ஏறுகிற ஆடுபோல ஏறியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே புகுந்தபோது மெக்கானிக் தன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

"வயித்தை எக்கினா வண்டி ஒல்லியாகாது சார்" என்றார் தேன்காரம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை, சும்மா நினைத்தார், வண்டி போனது. போன வாரம் இதே இடத்தை இந்த அம்மா பின்னோக்கிக் கடந்தார் என்பதை நினைத்து மெக்கானிக் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

மேலே கூடாரத்திலிருந்து தேன்காரர் ஓடி வந்தார். முதலில் வண்டியைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம்தான் மனைவியைப் பார்த்தார். அதற்கு அந்த அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பெட்டிகள் எல்லாம் இருந்தன, ஒரு கூட்டமும் ஓடிப்போகவில்லை, ஆனால் மெலிந்திருந்தன. அவர்கள் இரவு அங்கேயே தங்கி, விடியும் நேரத்தில், தேனீக்கள் வெளியே கிளம்பும் முன் வாசல்களை வலைத்துணியால் அடைத்து, பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

இறங்கும்போது தங்கை போன் செய்தாள். மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன அண்ணே, எப்படி ஓடுது?"

"ராஜா மாதிரி. சத்தத்தைக் கேட்டுக்கோ."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். குரல் மாறியது. "அண்ணே, வண்டியை நிறுத்து! பின்பக்கம் பேரிங் போகுது. உய்ங்குன்னு ஒரு எரைச்சல் கேக்குது பாரு, ஏத்த எறக்கமா! பெரிய பேரிங்."

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்தார். அடைபட்ட கோபத்தில் பெட்டிகள் மொத்தமும் இரைந்துகொண்டிருந்தன.

"அது பேரிங் இல்ல பாப்பா. தேனீ!"

போனில் அவள் சிரித்த சிரிப்பில் தேன்காரம்மாவும் சேர்ந்துகொண்டார். சிரித்தால் கழுத்து வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தார்.

வெயில் ஏறுவதற்குள் பழத்தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே பெட்டிகளை இறக்கி, மண் தட்டி நிறுத்தி, கணவனும் மனைவியும் வலைத்துணிகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். தேனீக்கள் குபுகுபுவென்று வெளியே வந்தன. உடனே பூவுக்குப் பறக்கவில்லை. தத்தம் பெட்டியைப் பார்த்தபடி காற்றில் நின்று, இடமும் வலமும் ஆடி, வீட்டின் அடையாளத்தைப் படித்துக்கொண்டன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார் தேன்காரர்.

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. பக்கத்துப் பெட்டியும் அதே நிறம், அதே அளவு. ஆனாலும் ஒரு தேனீகூட வாசல் மாறிப் போகவில்லை. அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று வந்து அவர் புருவத்துக்கு மேல் கொட்டியது. "ஆ!" என்று துள்ளிவிட்டு, வீங்கத் தொடங்கிய கண்ணோடு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தார்.